முகிலுக்குள் ஒளிந்த கை

வயலினை நாடிக்குக் கீழே செருகிக்கொண்டு, வேட்டியோடு சப்பாணி கட்டி, கண்ணை வானத்துக்கு உயர்த்தியபடி இருக்கிற வித்துவானை நீங்கள் எந்தக் கச்சேரியிலாவது கண்டதுண்டா? அந்தச் சனிக்கிழமை காலை கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் துப்பறியும் கந்தோர் மேசையில் அப்படி மூன்று பேர் கிடந்தார்கள். பக்கத்தில் ஒரு நாதஸ்வரக்காரர், ஒரு மிருதங்கக்காரர், ஒரு பாட்டுக்காரர். எல்லாம் இசைத்தட்டு உறைகள். ஆறு தலைக்குப் பின்னாலும் வட்ட ஒளி, காலடியில் லீலிப்பூ, சுற்றிவர முகில். மிருதங்கத்துக்கு ஒரு பைப் பூட்டினால் வைன் பீப்பாய் என்று விற்கலாம்.

"வித்துவான்மாரோ அப்போஸ்தலர்மாரோ?" என்று கேட்டேன். "இன்னும் ஆறு பேர் வந்தா இராப்போசனத்துக்கு மேசை போடலாம்."

ஒஸ்வால்ட் சேர் சிரிக்கவில்லை. காப்புறுதிக் கம்பனியில் இருபது வருஷம் கள்ளக் கிளெயிம் பிடித்த மனுசன், பிறகு தனியாகத் துப்பறிய வெளிக்கிட்டவர். அவருடைய முகத்தில் சிரிப்பு வந்தால் பல்வலி என்றுதான் நான் நினைப்பேன். நான் பிறிஜெற். ரைப் அடிக்கத்தான் இங்கே எடுத்தவர். மூன்று வருஷமாக வாய்தான் அடிக்கிறேன் என்று வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொல்வார்.

எதிரே இருந்த ஐறீன் அக்காவும் சிரிக்கவில்லை. ஐம்பது வயது, கலியாணம் கட்டாதவர், அடுத்த ஒழுங்கையில் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவர். ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார்.

"இதெல்லாம் என்ர தம்பி பேதுரு கீறினது. மாதா கோயில் சுரூபங்களுக்குப் பெயின்ற் அடிக்கிறவன். வெள்ளவத்தை ஸாலிஹ் நானா பாட்டுத்தட்டு அடிக்கத் தொடங்கேக்க, அட்டைப்படத்துக்கு ஆள் இல்லையெண்டு இவனைப் பிடிச்சவர். இவன் ஒரு கச்சேரிக்கும் போனதில்லை, பிள்ளை. வயலின் எண்டா எங்கட கோயில் பாட்டுக் குழுவில பிடிக்கிற மாதிரித்தான் தெரியும்."

"இந்த நாதஸ்வரக்காரருக்கு மீசை கயிறு மாதிரி இருக்கு, கை மட்டும் மணப்பெண்ணின்ர கை மாதிரி. அது ஏனக்கா?"

"அது அவன்ர மனுசி அருள்நாயகியின்ர கை. கண்ணுக்கு முன்னால இல்லாத கையைக் கீற அவனுக்கு வராது. அவளை எதிரில இருத்திப்போட்டு அவளின்ர கையைத்தான் எல்லாருக்கும் கீறினவன். பாருங்கோ, சுண்டுவிரல் உள்ளுக்கு வளைஞ்சிருக்கு. அவளுக்கு இரண்டு கையும் பிறவியிலயே அப்பிடித்தான்."

"மற்றக் கை?" ஒஸ்வால்ட் சேர் முதல்தடவையாக வாயைத் திறந்தார்.

"முகிலுக்குள்ள. இரண்டு கை கீற அவனுக்குப் பொறுமை எங்க?"

உண்மைதான். ஆறு பேருக்கும் ஒவ்வொரு கைதான். மற்றது முகிலுக்குள். நாதஸ்வரத்தை ஒரு கையால் வாசிக்கிற வித்தையை உலகத்துக்குக் காட்டியவர் கொட்டாஞ்சேனைப் பேதுரு என்று சொல்ல வந்தேன். ஐறீன் அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"தம்பி இப்ப எங்க?" என்றார் சேர்.

"எண்பத்திமூண்டு ஆடி, திங்கக்கிழமை. கீறின படத்தைச் சுருட்டிக் கமக்கட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு, அச்சுக்குப் புளொக் வெட்டுற இடத்துக்கெண்டு பொரளைக்குப் போனவன்."

பொரளை என்றதும் நான் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டேன். தமிழரைத் தேடித் தேடி அடித்த அந்தத் திங்கட்கிழமை பொரளை எப்படி எரிந்ததென்று கொழும்பில் எவருக்கும் விளக்கம் தேவையில்லை.

"ஆள் வரேல்லை. உடலும் வரேல்லை. மூண்டு வருஷம். இப்ப இதைப் பாருங்கோ."

கைப்பையிலிருந்து ஒரு கசெற்றை எடுத்து மேசையில் வைத்தார். உறையில் ஓர் இளம் வயலின்காரர். தலைக்குப் பின்னால் ஒளி, காலடியில் லீலி, நாடிக்குக் கீழே வயலின்.

"இந்தப் பொடியனுக்குப் போன வருஷம்தான் அரங்கேற்றம். எண்பத்திமூண்டில இவனுக்கு மீசையும் முளைக்கேல்லை. அப்ப இந்தப் படம் புதுசு. ஆனி மாதம் வந்தது. என்ர தம்பி உயிரோட இருக்கிறான் சேர். எங்கையோ ஒளிச்சிருந்து கீறுறான். அவனைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ. திங்கக்கிழமைக்குள்ள."

"ஏன் திங்கக்கிழமை?"

ஐறீன் அக்கா ஒரு மடித்த படிவத்தை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரிப் படிவம். வயிற்றில் கட்டி, சத்திரசிகிச்சைக்குச் சம்மதம், கீழே உறவினர் ஒருவரின் கையெழுத்துக்குக் கோடு. கோடு வெறுமையாக இருந்தது.

"ஆனியில திகதி தந்தவை, போகேல்லை. ஆடியில தந்தவை, போகேல்லை. திங்கக்கிழமைதான் கடைசி, பிறகு தன்னட்டை வரவேண்டாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். முதல்ல பத்துக்கு ஒம்பது சுகம் எண்டவர். இப்ப கணக்கே சொல்லுறாரில்லை."

"பின்ன ஏன் போகாம இருந்தனீங்கள்? உங்களுக்கென்ன விசரோ?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கவலை வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"அம்மா செத்தபிறகு இடுப்பில தூக்கி வளத்தவன், பிள்ளை. அவன் இருக்கிறான் எண்டு தெரிஞ்ச பிறகு அந்தக் கோட்டில வேற ஆர் கையெழுத்து வைக்கிறது? அவன் வைச்சா நான் மேசையில படுப்பன். இல்லாட்டி இல்லை." பிறகு குரலைத் தணித்தார். "அருள்நாயகிக்கு நான் இங்க வந்தது தெரியாது. பாவம், ஏற்கெனவே நொந்தவள். ஆளை முன்னால கொண்டுவந்து நிப்பாட்டிப்போட்டுச் சொல்லுவம்."

அவர் போனபிறகு ஒஸ்வால்ட் சேர் பூதக்கண்ணாடியை எடுத்து உறைகளின் மேல் கவிழ்ந்தார்.

"பிறிஜெற், பழைய வயலினுகளுக்கு எத்தினை தந்தி?"

எண்ணினேன். "இதில ஐஞ்சு. இதில ஆறு. இதில மூண்டு. மனுசன் அன்றன்றைக்கு மனசில வந்ததைப் போட்டிருக்கிறார்."

"புதுசில?"

"நாலு. முறுக்காணியும் நாலு. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில இருக்கு."

"மூண்டு வருஷத்தில ஆள் எண்ணப் பழகியிருக்கிறார்," என்றார் சேர். அவர் அப்படித்தான். பாதியைச் சொல்லிவிட்டுக் குடையை எடுப்பார்.

காலி வீதி பஸ்ஸில் நெரிபட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனோம். "இஸ்ஸரஹட்ட யன்ட!" என்று கொண்டக்டர் சிங்களத்தில் முன்னுக்குப் போகச் சொல்லி முதுகில் தள்ள, உறைகள் மடங்காமல் நெஞ்சோடு பிடித்திருந்தேன். ஆறு புனிதர்கள் மார்பில் இருந்தும் எனக்கு ஒரு சீற் கிடைக்கவில்லை.

ஸாலிஹ் நானாவின் கசெற் கடை சந்தைக்குக் கிட்ட. ஆள் தொப்பையும் தொப்பியுமாக, வாய் நிறையச் சிரிப்பு. பேதுரு என்ற பெயரைக் கேட்டதும் சிரிப்பு அப்படியே இறங்கிவிட்டது.

"எனத்தச் செல்ற சேர். அந்தப் பொடியன்ட படத்தப் பாத்து ஊரே சிரிச்ச. எனக்கும் வெக்கமாத்தான் ஈந்திச்சி. ஒருக்கா நல்ல போட்டோ எடுத்து, கலர்ல, வடிவா ஒரு கவர் போட்டன். எனத்த நடந்த தெரியுமா? டூப்ளிகேட் எண்டு எல்லாத்தயும் திருப்பிக் கொண்டு வந்திட்டாங்க! தலைக்குப் பின்னால வட்டம் இல்லாட்டி அசல் இல்லயாம். மறுகா பழையபடி பேதுருட்டயே போன."

"புதுப்படம் எப்பிடி வந்தது?"

"இந்தக் கசெற்றுக்கு நான் எந்தப் படமும் கேக்கல்ல. ஒரு நாள் காலம கடயத் தொறந்தா கதவுக்குக் கீழால ஒரு என்வலப். உள்ளுக்குப் படம். பேரும் இல்ல, கடுதாசியும் இல்ல. ஆனா பேதுருவத் தவிர ஆருக்கு இப்பிடிக் கீற ஏலும்? உசிரோட ஈக்கிறான் எண்டு சந்தோசத்தில அச்சடிச்ச. ஒளிஞ்சு ஈக்கிற மனுசன் மாட்டிக்கொள்ளக் கூடா எண்டு டீச்சர்ட்டக்கூட வாய் தொறக்கல்ல."

டீச்சர் என்று அவர் சொன்னது அருள்நாயகியைத்தான்.

மேசை லாச்சியைத் திறந்து மூலப்படத்தை எடுத்து வைத்தார். பெரிய தாளில் கறுப்பு மையால் கீறியது. சேர் பூதக்கண்ணாடியைப் படத்திலிருந்த கையின் பெருவிரலில் நிறுத்தினார். கடலைப் பருப்பளவில் ஒரு மறு. கசெற்றில் அதைப் பார்த்தபோது அச்சுமை சிந்தியது என்று நினைத்திருந்தேன். இங்கே மெல்லிய கோடுகளால் கவனமாக நிரப்பியிருந்தது.

"இயேசுவின்ர ஐஞ்சு காயமும் போடத் தொடங்கிட்டாரோ?" என்றேன். "இன்னும் நாலு கசெற்றில முழுச் சிலுவையும் வந்திடும்."

சேர் பழைய உறைகளில் ஒன்றைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இதையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பிறிஜெற், முகில் இடம் மாறியிருக்கு."

"காத்தடிச்சிருக்கும் சேர்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பல்வலி முகம்கூட இல்லை. ஏதோ ஒரு சாவீட்டுக்கு வழி கேட்கிற முகம். "அருள்நாயகி டீச்சரின்ர வீடு எங்க?" என்று நானாவிடம் விசாரித்தார்.

"ஐறீன் அக்கா அங்க போகவேண்டாம் எண்டவ," என்றேன்.

"கைக்குச் சொந்தக்காரியைக் கேக்காம கையைப் பற்றி என்ன கதைக்கிறது?"

கடற்கரைப் பக்க ஒழுங்கையில், ரெயில் போகும்போது யன்னல் அதிர்கிற மேல்மாடி அறை. நாங்கள் ஏறியபோது வயலின் வகுப்பு முடிந்து நாலைந்து பிள்ளைகள் படியால் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அருள்நாயகிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த முகம். நெற்றியில் பொட்டு இருந்தது, சின்னதாக, இருக்கட்டுமா வேண்டாமா என்று தனக்கே தெரியாததுபோல. ஐறீன் அக்கா அனுப்பினவர் என்று சேர் சொன்னதும், "மச்சாளுக்கு ஏதும் வருத்தம் கூடிட்டுதோ?" என்று பதறினாள்.

"இல்லை. திங்கக்கிழமை ஒப்பரேஷன் விஷயமாத்தான்."

"போறாவோ? ஓமெண்டிட்டாவோ?"

"இன்னும் இல்லை."

அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பையை நீட்டியபோதுதான் நான் கண்டேன். இடதுகைப் பெருவிரலில், கடலைப் பருப்பளவில், கருகின தழும்பு!

என் வாயைப்பற்றிச் சேர் சொல்வதெல்லாம் உண்மை. அது எனக்கு முன்னால் ஓடிவிட்டது. "இது எப்ப பட்டது அக்கா?"

"இதோ? தைப்பொங்கலுக்கு வடை சுடேக்க எண்ணெய் தெறிச்சது."

"எந்தத் தைப்பொங்கல்?"

"இந்த வருஷம்தான்."

தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன். எண்பத்தாறு தை! என்ர அந்தோனியாரே! கண்ணுக்கு முன்னால் இல்லாத கையைக் கீறத் தெரியாத மனுசன், மூன்று வருஷத்துக்கு முந்திக் காணாமற்போன மனுசன், ஏழு மாதத்துக்கு முந்திப் பட்ட தழும்பைக் கீறியிருக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? தைக்குப் பிறகு இந்தக் கையை அவன் பார்த்திருக்கிறான். இந்த அறைக்கு வந்திருக்கிறான்! ஒருவேளை அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் இப்போதும் நிற்கிறான்! மூன்று வருஷமாக எங்கள் கந்தோருக்கு வந்த காணாமற்போன கேஸ்களில் ஒன்றாவது நல்லபடி முடிந்ததில்லை. இது முடியப்போகிறது!

"அக்கா, பயப்பிடாதேங்கோ," என்றேன். "நாங்கள் பொலிஸ் இல்லை. அவரை வெளியில வரச் சொல்லுங்கோ. ஒரு கையெழுத்து, ஒரேயொரு கையெழுத்து வைச்சாப் போதும்."

அருள்நாயகி என்னைப் பார்த்தாள். எவரும் எவரையும் அப்படிப் பார்க்கக்கூடாது.

"பிறிஜெற், கொஞ்சம் பேசாம இரு," என்றார் சேர். அதட்டவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் மேசையில் வைத்தார். "தங்கச்சி, ஐறீன் அக்காவின்ர டொக்டரின்ர பேரை ஒருக்கா எழுதித் தாங்கோ."

அவள் பென்சிலை எடுத்து எழுதினாள். யன்னலால் கடற்காற்று அடித்துத் தாள் பறக்கப் பார்த்தது. இடது கையை விரித்துத் தாளை அமத்திப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், சுண்டுவிரல் உள்ளே வளைந்து, பெருவிரல் தழும்போடு மேலே.

அந்தக் கையை நான் அன்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கசெற் உறையில் அதே விரிப்பு, அதே வளைவு, பெருவிரல் அதே பக்கம்.

"பேதுரு உங்களை எதிரில இருத்திப்போட்டு உங்கட வலக்கையைக் கீறினவர்," என்றார் ஒஸ்வால்ட் சேர். "ஆறு படத்திலயும் வலக்கைதான். இடக்கை முகிலுக்குள்ள. புதுசில இடக்கை வெளியில, வலக்கை முகிலுக்குள்ள. வலக்கையால பென்சில் பிடிக்கிற ஆள் தன்ர கையைப் பாத்துக் கீறோணுமெண்டா இடக்கை ஒண்டுதான் சும்மா இருக்கும்."

அவள் கையை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டாள்.

"வயலினை நாடிக்குக் கீழ வைச்சுப் பிழையாக் கீற உங்களால முடிஞ்சுது. ஒளிவட்டம் போட முடிஞ்சுது. ஆனா தந்தியைப் பிழையா எண்ண முடியேல்லை. வயலின் டீச்சர்தானே."

"எண்ணிப் பாப்பினம் எண்டு நான் நினைக்கேல்லை," என்றாள் அருள்நாயகி. அழவில்லை. அழுகையெல்லாம் எப்போதோ முடிந்துபோன குரல். "அந்தப் பொடியன் என்னட்டைப் படிச்சவன். கசெற் வரப்போகுது எண்டு தெரியும். வைகாசியில டொக்டர் கட்டியைக் கண்டவர். வெட்டினா சுகம் வரும் எண்டவர். மச்சாள் ஆருக்காகச் சுகம் வரோணும் எண்டு கேட்டா. சாகத்தான் சந்தோசமா இருந்தா. தம்பி எங்கையோ இருக்கிறான் எண்டு நினைச்சா, அவனைப் பாக்கவாவது உயிரோட இருக்க விரும்புவா எண்டு நினைச்சன். அதுக்குத்தான் சேர். வேற ஒண்டுக்கும் இல்லை. அவர் உயிரோட இருக்கேக்க அவரின்ர படத்தைப் பாத்து நான் பேசாத பேச்சில்லை. முதன்முதலா அவரோட கதைச்சதே அந்த வயலினைப் பற்றிச் சண்டை பிடிக்கத்தான். அதே பிழையை நானே கீறினன். நாலு இரவு."

"மச்சாள் பாத்தாவோ?" என்றார் சேர்.

"பாத்தா. சிரிச்சா. மூண்டு வருஷத்துக்குப் பிறகு சிரிச்சா. பிறகு அவன் வந்து கையெழுத்து வைக்கட்டும் எண்டு இருந்திட்டா. ஒரு திகதி போச்சு. இரண்டாவதும் போச்சு. நான் ஒவ்வொரு கிழமையும் சொல்லத்தான் போனனான். வாசலில அந்தச் சிரிப்பைக் கண்டா வாய் வராது."

நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "அக்கா, அப்ப அவர்..."

"பொரளைச் சந்தியில கண்ட ஆக்கள் இருக்கினம். மூண்டாம் நாளே வந்து எனக்குச் சொன்னவை. மச்சாளுக்கு நான் சொல்லேல்லை. முதல்ல அவ தாங்கமாட்டா எண்டு சொல்லேல்லை. பிறகு ஏன் இவ்வளவு நாள் சொல்லேல்லை எண்டு கேப்பா எண்டு சொல்லேல்லை."

ரெயில் ஒன்று போனது. யன்னல் நடுங்கி ஓய்ந்தது. இந்தத் தொழிலில் குற்றவாளியைக் கண்டுபிடித்தால் ஒரு திருப்தி வருமென்று கதைப்புத்தகங்களில் எழுதுவார்கள். எனக்கு வந்தது ஆத்திரம் மட்டும்தான், அதுவும் எவரைப் பேசுவதென்று தெரியாத ஆத்திரம்.

"என்ன செய்யிறது சேர்?" என்றேன் படியில் இறங்கும்போது. "உண்மையைச் சொன்னா அந்த மனுசி வாழமாட்டன் எண்டும். பொய்யைச் சொன்னா தம்பி வரட்டும் எண்டு இருந்து சாகும்."

"ஓம்," என்றார் சேர்.

"ஓம் எண்டு சொல்லுறதுக்கு எனக்கொரு துப்பறியிற ஆள் தேவையில்லை!"

அருள்நாயகி கதவைப் பூட்டிவிட்டு எங்களுக்குப் பின்னால் இறங்கி வந்துகொண்டிருந்தாள். நாங்கள் கூப்பிடவில்லை. தானாகத்தான் வந்தாள்.

கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர நாலு மணி. ஐறீன் அக்காவின் முன்னறையில் தையல் மெசினுக்கு மூடி போட்டிருந்தது. எங்களோடு அருள்நாயகியைக் கண்டதும் எழும்பிவிட்டார். கண் அவளைத் தாண்டி வாசலுக்குப் போனது. பின்னால் வேறு எவரும் வருகிறார்களா என்று பார்த்தார்.

"பேதுரு கீறேல்லை அக்கா," என்றார் ஒஸ்வால்ட் சேர். மனுசனுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அப்ப ஆர்?"

அருள்நாயகி இடது கையை நீட்டினாள். ஐறீன் அக்கா அதைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். பெருவிரலைத் தடவினார். வெகுநேரம் தடவிக்கொண்டே நின்றார்.

"இது பொங்கலுக்குச் சுட்டது," என்றார். "நான்தானே பற்பசை பூசிவிட்டனான். கசெற்றிலயும் இது இருந்தது. நான் கண்டனான். கண்டும் காணாத மாதிரி இருந்திட்டன்."

"மச்சாள்..."

"அவன்?"

"அண்டைக்கே போயிட்டார் மச்சாள். திங்கக்கிழமையே."

"உனக்குத் தெரியும்?"

"ஓம்."

"மூண்டு வருஷமா?"

"ஓம்."

ஐறீன் அக்கா கையை உதறிவிட்டார். "மூண்டு வருஷமா நான் மெழுகுதிரி கொழுத்திறன், அவன்ர கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைக்கிறன், நீ பாத்துக்கொண்டு இருந்திருக்கிறாய்! எனக்கு ஒரு பூசை வைக்க விட்டியோடி? அவன்ர ஆத்துமாவுக்கெண்டு ஒரு பூசை? வெளியில போ. எல்லாரும் போங்கோ!"

போகவேண்டியதுதான். நான் வாசல்படியில் ஒரு காலும் வைத்துவிட்டேன். அருள்நாயகி அசையவில்லை. நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டாள். ஐறீன் அக்காவுக்கு நிற்க முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரும் கதிரையில் விழுந்தார். அவளுக்கும் வேறு எவரும் இல்லை, இவருக்கும் வேறு எவரும் இல்லை. கொழும்பில் இந்த மூன்று வருஷத்தில் இப்படி எத்தனை முன்னறைகளைப் பார்த்திருப்பேன்.

கோயில் மணி அடித்தது. ஐறீன் அக்கா கைப்பையைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்தார்.

"இவ்வளவும் அவன்ர மாதிரிக் கீறினனிதானே," என்றார். "கையெழுத்தையும் வை."

"நான் என்ர பேரை வைக்கிறன் மச்சாள். நானும் சொந்தம்தானே."

"உன்ர பேர் வேண்டாம். அவன்ர பேரை வை. அவன் வைச்சாப் படுப்பன் எண்டு சொன்னனான். சொன்ன சொல்லை மாத்தமாட்டன்."

"அக்கா," என்று ஒஸ்வால்ட் சேர் தொடங்கினார், "செத்த ஆளின்ர கையெழுத்து..."

"சேர், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கோ," என்றேன் நான்.

இருபது வருஷம் கள்ளக் கையெழுத்துப் பிடித்த மனுசன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அருள்நாயகி தையல் மெசின் மூடியின்மேல் படிவத்தை வைத்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். மூன்று எழுத்து எழுத மூன்று தரம் மூச்சு வாங்கினாள். உறவுமுறை என்ற இடத்தில் தம்பி என்று எழுதிவிட்டு, பேனையை வைத்து, எழும்பி நின்றாள்.

ஐறீன் அக்கா படிவத்தை எடுத்து யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். கிட்டே பிடித்தார், எட்டப் பிடித்தார். உதடு கோணியது. நாங்கள் வந்ததிலிருந்து அதுவரை அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இப்போது முகமெல்லாம் நனைந்து, மூக்கால் ஒழுகி, துடைக்கவும் தெரியாமல் நின்றார்.

"கொஞ்சமும் அவன்ர மாதிரி இல்லை," என்றார்.

அருள்நாயகி வேறு படிவம் வாங்கி வரலாம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். ஐறீன் அக்கா தலையை ஆட்டி மறுத்தார். மை காயட்டும் என்று ஊதி, நாலாக மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"கிடக்கட்டும்," என்றார். "அங்க ஆருக்கு அவனைத் தெரியும்."